வள்ளிக்குப் போட்ட ஓட்டுத் தையல்

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். ஊசி பிடித்தால் மட்டும் கை தவறாது.

இலங்கையில், கண்டிப் பக்கம் ஹந்தானைத் தோட்டத்தில் கோப்பி பறித்த காலத்தில், லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்குத் துணி தைத்துக் கூலி வாங்கினேன். கங்காணி பெண்சாதி வள்ளி மட்டும் கொடுத்ததே இல்லை. ஒரே தோணியில் கடல் தாண்டி வந்தவர்கள் நாங்கள். கேட்டால், "நமக்குள்ள என்னக்கா கூலி?" என்பாள்.

ஒருமுறை திருவிழாவுக்கு ரவிக்கைத் துணி கொண்டுவந்தாள். "எங்க வீட்டுக்காரரு கோட்டுத் துணிய, கண்டியில இருக்கிற தையக்காரருகிட்ட குடுத்தேன்க்கா. கேட்ட கூலியக் குடுத்துட்டேன். அவரு தொழில்காரரு பாருங்க" என்றாள்.

அப்படியானால் நான் யார்?

முதலில் நீளநீளமாக ஓட்டுத் தையல் போட்டுத் துணியைச் சேர்த்துக்கொண்டு, அதன்மேல் கெட்டித் தையல் போடுவதுதான் முறை. நான் ஓட்டுத் தையலோடு நிறுத்திக் கொடுத்துவிட்டேன்.

திருவிழாவில் வள்ளி முளைப்பாரியைத் தலையில் ஏற்றி, இரண்டு கைகளாலும் பிடித்தாள். இரண்டு அக்குளிலும் தையல் விட்டுப்போனது. ஆற்றங்கரை போகும்வரை முளைப்பாரியை இறக்கக் கூடாது.

"கங்காணியம்மாவுக்குக் காத்து வேணுமாம்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வள்ளி என்னைத்தான் பார்த்தாள். என் தோளில் ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்து அவளுக்குப் போர்த்திவிடாமல் ஆறுவரை அவள் பின்னாலேயே நடந்தேன். எனக்கு இனித்தது.

மறுநாள் ரவிக்கையோடு வந்தாள். "கூலி எவ்வளவுங்க, தையக்காரம்மா?"

சொன்னேன். கொடுத்தாள். கெட்டித் தையல் போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

கூலி வாங்கியதற்கு நான் வருந்தவில்லை. ஊர் சிரித்ததற்கும் இல்லை. அந்தத் துண்டை மட்டும் பிறகு நான் தோளில் போட்டதில்லை.