ஹாரனை எடுத்தது நான்தான்

1. முதல் ஒற்றை நட்சத்திரம்

ஏற்காட்டில் ஆறு பேர் சேர்ந்து செய்த தெருப் பந்தய வீடியோ கேம் ‘கொண்டை ஊசி’. சேலத்திலிருந்து மேலேறும் மலைப்பாதைதான் களம். முதல் பாகம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகத்தைக் காலை பத்து மணிக்கு ஸ்டோரில் ஏற்றினோம். வெளியூர் விமர்சகர்கள் மூடுபனியையும் என்ஜின் சத்தத்தையும் பாராட்டினார்கள். பதினொரு மணிக்கு முதல் ஒற்றை நட்சத்திர ரிவ்யூ விழுந்தது. மாலைக்குள் ஐந்துக்குச் சராசரி மதிப்பெண் நான்குக்குக் கீழே போய்விட்டது.

வெளியீட்டாளரின் நிபந்தனை எளிது. இரண்டு வாரத்தில் சராசரி நான்கைத் தொடாவிட்டால் மூன்றாம் பாகம் கிடையாது. எங்கள் ஆறு பேருக்கும் வேலையும் கிடையாது.

நான் டிசைனர். அதற்கு முன் நாளிதழில் வாசகர் கடிதங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தவன். ஒற்றை நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எழுதியவர்கள் பெரும்பாலும் எங்கள் மலைக்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. “ஏனுங்க, ஹாரனை எங்கீங்க கொண்டுபோய் வெச்சீங்க?” என்று கேட்டிருந்தார் ஒருவர்.

முதல் பாகத்தில் வளைவுக்கு முன் ஹாரன் அடித்தால், எதிரே வரும் வண்டி பதிலுக்கு அடிக்கும். வெளியீட்டுக்கு முன் விளையாடிச் சோதித்த வெளியூர் டெஸ்டர்கள் அந்தப் பட்டனைத் தொடவே இல்லை. அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் வேகத்தை எகிறவைக்கும் நைட்ரோவை வைக்கச் சொன்னவன் நான்.

2. வெள்ளக்கடை

எங்கள் புரோகிராமரின் உறவினர் செல்வி, எங்கள் மலையிலேயே வெள்ளக்கடையில் பிக்கப் வண்டி ஓட்டுபவர். அவரும் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். நேரில் போய் விளையாடிக் காட்டச் சொன்னேன்.

வளைவு வந்தது. செல்வியின் இடது கட்டைவிரல் தானாக ஹாரன் இருந்த மூலைக்குப் போனது. நைட்ரோ சீறியது. திரையில் அவருடைய பைக் எதிரே வந்த பஸ்ஸுக்குள் பாய்ந்தது. அடுத்த வளைவிலும் அதேதான். மூன்றாவதிலும்.

“பாத்தீங்களா? ஹாரன் அடிக்காம வளைவு திரும்பறதுக்கு எனக்குக் கையே வராதுங்க. நீங்க எந்த ஊருங்க, மெட்ராஸா?”

“இதே மலைதானுங்க, கரடியூரு.”

“கரடியூரா! இதை வெளிய சொல்லிப் போடாதீங்க. நொம்பக் கேவலமுங்க.”

3. திருத்தம்

ஹாரனைத் திரும்ப வைக்க நான்கு நாள் ஆனது. நைட்ரோ வலது பக்கம் போனது. அப்டேட் குறிப்பின் முதல் வரியை நான் இப்படி எழுதினேன்: ‘ஹாரனை நீக்கியது எங்கள் தவறு.’

ஸ்டுடியோ தலைவர் சேவியர் முகம் சுளித்தார். “மொத வரியிலயே தப்புன்னு போடோணுங்களா? ‘மேம்படுத்தியிருக்கோம்’னு போட்டா ஆகாதா?”

“ஆகாதுங்க. ‘மேம்படுத்தியிருக்கோம்’னா யாரு திரும்பி வருவாங்க? தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தான் சரியாயிருச்சான்னு பாக்க வருவாங்க.”

“வரலீன்னா?”

“குறிப்புல எம் பேரைப் போட்டுக்குங்க, பழி எனக்கே வரட்டும்.”

பெயரோடு வெளியிட்டோம். கேமை அழித்தவர்கள் மீண்டும் இறக்கினார்கள். பலர் பழைய ரிவ்யூவைத் திருத்தினார்கள். பன்னிரண்டாம் நாள் சராசரி நான்கைத் தொட்டது. மூன்றாம் பாகம் உறுதியானது.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்டர் தொடாத பட்டனை நீக்கும் முன், அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விரலைப் பாருங்கள்.

செல்வி மூன்று நட்சத்திரத்துக்கு மேல் தரவில்லை. காரணமும் எழுதியிருந்தார்: “ஹாரன் சரிங்க. ஆனா குறுக்க போனா பஸ் டிரைவர் திட்டவே மாட்டேங்கறாரு.”

மூன்றாம் பாகத்துக்கு நாங்கள் பதிவுசெய்த முதல் குரல் அந்த டிரைவருடையது. திட்டுவது செல்வி.