உப்பு ஆபீஸில் காணாமல் போன படம்

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு திருடனைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அய்யா — அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் — இறந்துபோனதை மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பத்திரிகையில்தான் எழுதினேன். படித்துவிட்டுக் கார்டு போட்டவர்களுக்குப் பதில் எழுத உட்காருகிறேன்... கை ஓடவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நல்ல நாளிலேயே எனக்கு எழுத்து நொண்டிக்கொண்டுதான் வரும்.

சரி, திருட்டுக்கு வருகிறேன்.

முப்பதாம் நாள் சாமி கும்பிட அய்யா படம் வேண்டும் என்றாள் என்னைப் பெற்ற ஆத்தா. மாலை போட, பார்த்து அழ — ஒரு முகம் வேண்டாமா? அய்யா தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. அவர் பியூனாக இருந்த உப்புக் கம்பெனி ஆபீஸில் மட்டும் ஒரு குரூப் போட்டோ உண்டு. பழைய மேனேஜர் மாற்றலாகிப் போனபோது எடுத்தது.

"ஓரத்துல நிக்கிறது நான்தான். மேனேஜரை விட எடுப்பா இருக்கேன்னு எல்லாரும் சொல்றாக" என்று அய்யா வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நாங்கள் பார்த்ததில்லை. நான் சோறு கொண்டுபோனால் கேட்டிலேயே நின்று கூப்பிடுவேன். அவர் வந்து வாங்கிக்கொள்வார். ஆபீஸுக்குள் நான் கால் வைத்தது கிடையாது.

இப்போது வைத்தேன். படத்தை இரவல் வாங்கி, ராமநாதபுரம் ஸ்டூடியோவில் கொடுத்து, அய்யா முகத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

சுவரில் ஆணி இருந்தது. அதற்குக் கீழே, படம் மறைத்திருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. படம்தான் இல்லை.

அக்கவுண்டன்ட் சபாபதி மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டினார். அய்யாவின் கூட்டாளி. ரயிலில் போகும்போதும் வரும்போதும் துப்பறியும் நாவலாகப் படிக்கிறவர்.

"யாரும் அசையாதீக. நான் விசாரிக்கிறேன்" என்றார். முதலில் ஸ்டோர் கீப்பர் முனியாண்டியைப் பிடித்தார்.

"அந்தப் படத்தைக் கழட்டிரணும்னு போன வாரம் சொன்னது யாரு?"

"நான்தான். படம் பிடிச்சா ஆயுசு கொறையும்னு எங்க வீட்ல அன்னைக்கே சொன்னாக. ஓரத்துல நின்னவரு போயிட்டாரு. அவருக்கு அடுத்து நிக்கிறது நானு. பயம் இருக்காதா? அந்தப் பக்கம் நிமிந்தே பாக்குறதில்ல."

"ஆக, ஒத்துக்கிறீரு."

"பயந்ததைத்தான் ஒத்துக்கிறேன். எடுத்ததை இல்ல. அந்த நாவலையெல்லாம் தலைமாட்டுல வச்சுப் படுக்காதீரும்."

மாமா அசரவில்லை. ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்தபடியே கையை நீட்டி நீட்டி உத்தரவு போட்டார். நானும் முனியாண்டியும் தேடினோம். அலமாரி, சாக்குக் கட்டு, சைக்கிள் கேரியர்... கடைசியில் தண்ணீர்ப் பானை.

"பானைக்குள்ள படத்தை யாரு போடுவா மாமா?"

"சந்தேகம்னு வந்துட்டா எதையும் விடப்படாது தாயி."

எங்கேயும் இல்லை. "நீ வீட்டுக்குப் போ. துப்புக் கிடைச்சதும் சொல்லி விடுறேன்" என்றார் மாமா.

அப்போதுதான் புது மேனேஜர் உள்ளே வந்தார். முனியாண்டி விறைப்பாக நின்றார். என்னைச் சொல்லவே வேண்டாம். மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு. மேனேஜர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவார் சபாபதி என்று அய்யா கேலி செய்வார். அவருக்கு இன்றைக்கு என்ன வந்தது?

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க."

"கால் மரத்துப் போச்சு தாயி."

"எந்திரிங்க மாமா."

எழுந்தார். பெட்டியைத் திறந்தேன். பழைய துணிக்கு அடியில் படம். "பாக்க வேணாம்த்தா" என்றார். குரல் கெஞ்சியது.

பார்த்தேன். பழைய மேனேஜர் இருந்தார். மாமா, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. முனியாண்டி, பேயைப் பார்த்தவர் மாதிரி. ஓரத்தில் அய்யாவின் காக்கிச் சட்டை, பித்தளைப் பட்டன் வரைக்கும் தெளிவாக. சட்டைக்கு மேலே... முகம் இல்லை. புகை மாதிரி ஒரு வெள்ளை.

"அசையக் கூடாதுன்னு சொல்லித்தான் போட்டோக்காரன் எடுத்தான்" என்றார் மாமா. "அந்த நேரம் பாத்து கேட்டுல ஒரு சத்தம், 'அய்யா'ன்னு. மனுசன் தலையத் திருப்பிட்டாரு."

கேட்டில் நின்று அய்யா என்று கூப்பிடுகிறவள் யார்? இதற்கு நாவல் படித்திருக்க வேண்டியதில்லை.

"பிள்ளைக்குத் தெரிய வேணாம், சங்கடப்படும்னு என் கையப் பிடிச்சுச் சொன்னாரு. நீ படம் கேட்டு வாரேன்னு உங்க ஆத்தா சொல்லி விட்டுச்சு. எனக்கு வேற வழி தெரியல."

நாவலில் கடைசிப் பக்கத்தில் எல்லாம் விளங்கிவிடுமாம். எனக்கு அங்கேதான் குழப்பமே ஆரம்பித்தது. படத்தை எடுத்து ஒளித்தவர் மாமா. பொய் சொன்னவர் அய்யா. முகத்தைக் கலைத்தவள் நான். யார் மேல் கோபப்படுவது? அழுகை வந்தது. மேனேஜரை விட எடுப்பாம் — நடுவில் ஒரு சிரிப்பும் வந்தது. ஏன் சிரித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மேனேஜரிடம் மாமாவே சொல்லி, படத்தை என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத்தான் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்க அய்யாதான்."

"முகமே இல்லையேத்தா."

"நீ கூப்பிட்டு அவுக என்னைக்குத் திரும்பாம இருந்தாக?"

சந்தனத்தைத் தொட்டு அந்தப் புகை மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

நெற்றியில்தான் விழுந்திருக்கும் என்று நம்புகிறேன்.