கதவில்லாத வண்டி

லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அதுவும் மூன்றாம் மாடியில் குடியிருப்பதை விதியின் விளையாட்டு என்று தத்துவம் பேசுகிறவர்கள் சொல்லலாம். வாடகை குறைவு என்பது அவர் மனைவி சொல்லும் காரணம். எது எப்படியோ, ஊராரை நின்ற இடத்திலிருந்தே உயரே அனுப்பிவிட்டுத் தன் முழங்காலைத் தேய்த்துப் படியேறிய அந்தப் பெருந்தகையை எல்லோரும் 'லிஃப்ட்காரர்' என்றே அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் அலுங்காமல் இருந்தது.

அன்று காலை அவர் மாடிப்படிக்குக் கீழே தன் மோட்டார் சைக்கிளின் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினார். வண்டி வாயைத் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். முனகல் இல்லை, இருமல் இல்லை, ஒரு 'டிக்' கூட இல்லை. கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

வேறொரு நாளாக இருந்தால் பேருந்தில் போயிருப்பார். அன்று மதியம் அவர் மனைவிக்கு லைசென்ஸ் டெஸ்ட். முன்பே ஒரு தரம், எட்டுப் போடும் வளைவில் எஞ்சின் நின்று, பதற்றத்தில் காலை ஊன்றித் தோற்றுத் திரும்பியிருந்தாள். பழகுவதற்குக் கொடுத்த அனுமதி மறுநாளோடு முடிகிறது. இன்று தவறினால் முதலிலிருந்து எல்லாம். இரவல் வாங்கினாலும் வேறு வண்டி உதவாது. தரையில் கால் எட்டுவதற்காக இந்த வண்டியின் சீட்டைப் பிரித்து, உள்ளேயிருந்த பஞ்சை வெட்டி, தானே திரும்பத் தைத்து உயரத்தைக் குறைத்து வைத்திருந்தாள். அவள் தையல்காரி. கடைகளுக்குத் துணி மூட்டைகளைக் கொண்டுபோய்ப் போட இத்தனை வருடமும் புருஷனை நம்பி இருந்தாள். "எவனாவது லிஃப்டுல மாட்டிக்கிட்டா என் மூட்டை வீட்டுல மாட்டிக்குது" என்று ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தவள், மறுநாளே வண்டி பழகக் கிளம்பிவிட்டாள்.

"என்னங்க! வண்டிச் சத்தத்தையே காணோம்?" மூன்றாம் மாடியிலிருந்து குரல் இறங்கியது.

"சும்மா துடைச்சிட்டிருக்கேன்!"

"நேத்துதானே ஆறு மாதிரி தண்ணி ஊத்தினீங்க? இன்னும் என்ன துடைக்கிறது?"

லிஃப்ட்காரர் அவசரமாக ஹாண்டில்பாரைப் பார்த்தார். தேர்வு அதிகாரி பளபளப்புக்கு மார்க் போடுவார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முந்தின நாள் சாயங்காலம் ரப்பர் குழாயை வைத்து வண்டியைக் குளிப்பாட்டியவர் அவர்தான். ஹாண்டில்பார் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், சுவிட்சுக்குள் போய்விடும் என்று, மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் மைத்துனன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஆக, குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவள் இறங்கி வருவதற்குள் தடயத்தை அழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹாரனை அடித்தார். தெரு திரும்பிப் பார்த்தது. விளக்கைப் போட்டார். கண் கூசியது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். நல்ல ஃபியூஸ்.

முதல் மாடி ஜன்னலில் ஓய்வுபெற்ற தபால்காரரின் தலை தெரிந்தது. "ரொம்ப நேரமா அமுக்கறீங்களே, அது என்ன காலிங் பெல்லா? உள்ள இருந்து யாராச்சும் வருவாங்களா?"

லிஃப்ட்காரர் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"பேட்டரி அவுட்டு மாமா. புதுசு ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

"ஹாரன் அந்தப் போடு போடுதுடா."

"ஹாரனுக்குக் கொஞ்சூண்டு கரண்டு போதும் மாமா. ஸ்டார்ட்டர் மோட்டார் யானைப் பசிக்காரன். ஆமா, தண்ணி கிண்ணி ஊத்தினீங்களா?"

"லைன் கட்டாகுது, அப்புறம் பேசறேன்."

யானைப் பசியா இல்லையா என்று பார்த்துவிட அவர் முடிவு செய்தார். சீட்டைக் கழற்றி, ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கணம் இணைத்தார். பொறி பறந்தது. கூடவே ஸ்டார்ட்டர் மோட்டார் 'கிர்ர்' என்று சுற்றியது. பேட்டரியும் மோட்டாரும் மாசற்றவர்கள் என்று நிரூபணமாயிற்று. மிச்சம் பட்டன். அதைத்தான் தண்ணீர் விட்டு நனைத்தாயிற்றே! சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்தில் உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளிக் குதித்துத் தபால்காரரின் பூந்தொட்டியில் தஞ்சம் புகுந்தது. ஒரு ரோஜாச் செடியின் வேர்வரை தோண்டி அதை மீட்டு வந்து பார்த்தால், பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. செப்புத் தகடு புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. எல்லாவற்றையும் மூடி, மனதுக்குள் வேண்டிக்கொண்டு, கிளட்சைப் பிடித்துப் பட்டனை அழுத்தினார்.

மௌனம்.

படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பதற்றம் வந்தால் அவள் மெஷின் மிதிப்பாள். அன்று மெஷின் ரயில் மாதிரி ஓடியது. அதைக் கேட்கக் கேட்க, இத்தனை நேரம் தான் செய்தது என்னவென்று அவருக்கு உறைத்தது. லிஃப்ட் நின்றுபோனால், புதிதாக வேலைக்கு வந்தவன் மோட்டாரைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஓடுவான். விவரம் தெரிந்தவன் கதவண்டை குனிவான். கதவு முழுக்க மூடிவிட்டது என்று சேதி போனால்தான் லிஃப்ட் நகரும். கதவு இடுக்கிலிருந்து அவர் எடுத்த ஹேர்பின், பொம்மைச் சக்கரம், துப்பட்டா நுனி இவற்றை வைத்து ஒரு பொருட்காட்சியே நடத்தலாம். 'கதவைப் பார்க்காம மோட்டாரைத் தொடாதே' என்று கம்பெனியில் எத்தனை பேரை விரட்டியிருக்கிறார்! சொந்த வண்டி என்றதும் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டாரே!

சரி, இந்த வண்டிக்குக் கதவு எது?

சைடு ஸ்டாண்டு மேலே இருந்தது. நியூட்ரல் விளக்கு பச்சை காட்டியது. மிச்சம் கிளட்ச். இந்த வண்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: நியூட்ரலில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பிடித்தாயிற்று என்று சேதி சொல்ல, கிளட்ச் பிடியின் அடியில் கடுகளவு சுவிட்ச் ஒன்று உண்டு. அவர் குனிந்தார்.

பிடிக்கு ஓர் உறை போட்டிருந்தது; காலையிலிருந்து கையில் பட்டும் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வான நீலத்தில் வெள்ளைப் பூ, ஓரத்தில் பட்டி. பழகிப் பழகி விரல் காய்த்துப்போனதால், சீட்டில் வெட்டிய பஞ்சை வீணாக்காமல் உள்ளே வைத்து முந்தின இரவு அவள் தைத்து மாட்டியது. கைவேலை அற்புதம். அளவுதான் கொஞ்சம் தாராளம். பஞ்சடைத்த ஓரம் பிடியின் அடிவரை போய், பிடியை இழுத்ததும் வெளியே நீள வேண்டிய சுவிட்சின் மூக்கை அமுக்கிக்கொண்டிருந்தது. பிடியை எவ்வளவு இழுத்தாலும் சுவிட்ச் தூங்கிக்கொண்டே இருந்தது.

துணியை விரலால் விலக்கிக் கிளட்சைப் பிடித்தார். 'டிக்'. பட்டனை அழுத்தினார். வண்டி குஷியாக உறுமியது.

லிஃப்ட்காரரின் முகத்தில் அப்போது தோன்றிய ஒளியை விவரிக்க இந்த எளிய பேனாவுக்கு வலுவில்லை. வண்டி ஓடியதைவிட, குற்றம் கைமாறியது பெரிய ஆனந்தம். ஆனால் வெற்றி பெற்ற மன்னர்களுக்கே உரிய பெருந்தன்மை உடனே வந்துவிட்டது. டெஸ்டுக்குப் போகிறவளிடம் உன்னால்தான் நின்றது என்று சொன்னால் கை நடுங்குமே. உறையைக் கழற்றினால் தேடுவாள். எனவே கட்டிங் பிளையரை எடுத்து, அடி ஓரத்தில் விரற்கடை அளவுக்குக் கத்தரித்துவிட்டு, வெட்டை உள்பக்கமாக மடித்துவிட்டார். தையல்காரியின் கண்ணிலிருந்து வெட்டுத் துணியை மறைக்கலாம் என்று நினைத்தது அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தன்னம்பிக்கை.

ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தவள், வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டாள்: "இது யாரு பண்ண வேலை?"

"எது? ஓ... அதுவா... எலியா இருக்கும்."

"எலி பிளையர் வெச்சிருக்குமா?"

"எலி காலையிலேர்ந்து அங்கதாம்மா உக்காந்திருக்கு. என் ரோஜாச் செடியையும் தோண்டிச்சு" என்றது முதல் மாடி ஜன்னல்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அவர் சொன்னார். அவள் கிளட்ச் பிடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"அப்ப நான் தெச்சதுதான் வண்டிய நிறுத்திச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாது. நான் தண்ணி ஊத்தினதுல துணி ஊறி..."

"பொய் வரலேன்னா விட்ருங்க." சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள். "பிசிறோட வெளிய போனா என் தொழிலுக்கு அசிங்கம். நகருங்க." நின்ற நிலையில் ஓரத்தை மடித்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். கை நடுங்கவில்லை.

மைதானத்தில் லிஃப்ட்காரர் வேலிக்கு வெளியே நின்றார். அவள் முதல் வளைவை முடித்தாள். அதே பழைய வளைவில், அதே மாதிரி, எஞ்சின் நின்றது. அவர் வேலிக் கம்பியை நெரித்தார். வண்டி உருளும் வேகம் அடங்குவதற்குள் அவள் நீலப்பூ உறையோடு கிளட்சை இறுக்கிப் பிடித்து, வலது கட்டை விரலால் பட்டனை அழுத்தினாள். 'கிர்ர்' என்றது. எஞ்சின் உயிர் பெற்றது. கால் தரையில் படவே இல்லை. எட்டு எட்டாகவே முடிந்தது.

அதிகாரி பேனாவை மூடியபடி, "நடுவுல நின்னுச்சே?" என்றார்.

"வண்டிதான் சார் நின்னுச்சு. நான் நிக்கலையே."

அதிகாரி பேனாவைத் திரும்பத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அவர்களைக் காணாமல் மைத்துனன் புதுப் பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா, இத எங்க மாட்டணும்?"

"மாமா பாத்துட்டாருடா. உள்ள துணி மாட்டியிருந்துச்சாம்." எப்படி மாட்டியது என்று அவள் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. "ஏறுங்க" என்றாள் புருஷனிடம்.

பின்சீட்டில் எப்படி உட்காருவது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டார். கடைத்தெரு போனது. பாலம் போனது. மரங்கள் வரிசையாக நின்ற அகலச் சாலை வந்தது.

"ஏம்மா, வீடு இந்தப் பக்கம் இல்லியே?"

"தெரியும்" என்றாள் அவள். "பேசாம உக்காருங்க."