ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் 'அவசரம்'. சாப்பாட்டை மென்றுகொண்டே செருப்பை மாட்டுகிறவளுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

அப்பா தையல்காரர். மகள் நீச்சல் குளத்தில் சேர்ந்ததும் கடைக்குப் போய் நீச்சலுடை வாங்க அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை. லைனிங் துணியில் தானே தைத்தார். அவள் குதித்தாள். முதுகுப்பக்கம் காற்று புகுந்து உடை பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. குளமே சிரித்தது. அவளும் சிரித்துச் சிரித்து அரைக் குளத்தைக் குடித்துவிட்டாள். அன்று மாலையே அப்பா பிரித்துத் தைத்தார்.

பயிற்சியாளர் முதலில் நானூறு மீட்டர் நீந்தச் சொன்னார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனாள், கரையேறித் துண்டை எடுத்தாள்.

"எங்கம்மா போற?"

"முடிஞ்சிடுச்சு சார்."

"இன்னும் ஏழு தடவை இருக்கு!"

"போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போறதுல என்ன சார் இருக்கு?"

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது மீட்டருக்கு அவ்வளவு குறைந்த நேரத்தை அவர் அந்தக் குளத்தில் பார்த்ததேயில்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு ஐம்பது மீட்டர் மட்டும்தான். தலையைத் தூக்காமல், ஒரே மூச்சில், கண்ணை மூடித் திறப்பதற்குள்.

தபால் அலுவலகத்தில் வேலை கிடைத்த பிறகும் அதே கதைதான். விடியற்காலையில் குளம், பத்து மணிக்குக் கடிதம் பிரிக்கும் கூடம். மதிய இடைவேளையில் அலமாரிகளுக்கு நடுவே நின்று கையைச் சுழற்றிப் பழகுவாள். இரண்டு முறை மேலதிகாரியின் தேநீர்க் கோப்பை பறந்திருக்கிறது.

இருபத்து நான்கு வயதில் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தாள். எட்டுப் பேரில் கடைசியாகத் தேறியவள் என்பதால் ஓரத்துத் தடம். சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி, நீலச் சட்டையில் வந்திருந்த அப்பாவிடம் கொடுத்தாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு ஆளும் தூணும் ஒன்றுதான்.

ஊதல் ஒலித்தது. அதன் பிறகு நடந்தது அவளுக்கே சரியாக நினைவில்லை. கை சுவரில் இடித்தது. அரங்கம் கத்திக்கொண்டிருந்தது. நேரம் காட்டும் பலகையில் சிவப்பாக ஏதோ கலங்கலாகத் தெரிந்தது. பக்கத்துத் தடத்துப் பெண்ணின் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, யாரு ஜெயிச்சது?"

"வெறுப்பேத்துறியா? நீதான்டி!"

"சும்மா சொல்லாதீங்கக்கா."

"இருபத்தாறு புள்ளி நாலு. புது ரெக்கார்டு. இப்ப தோளை விடு, நான் முழுகிடப் போறேன்!"

துள்ளிக் கரையேறி, சொட்டச் சொட்டப் பார்வையாளர் படிகளில் ஓடினாள். நீலச் சட்டையைக் கண்டதும் பாய்ந்து கட்டிக்கொண்டாள். "அப்பா, ஜெயிச்சுட்டேன்ப்பா!"

"ரொம்ப சந்தோஷம்மா," என்றது அறிமுகமில்லாத ஒரு குரல். "ஆனா எனக்கு ரெண்டும் பையன்தான்."

மூன்று வரிசைக்கு மேலே அப்பா கண்ணாடியை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்: "அடியே, நான் இங்க இருக்கேன்!"

அடுத்த ஏழு ஆண்டுகளில் நான்கு பட்டங்கள் வாங்கினாள். ஒரு முறை ஊதலுக்கு முன்பே குதித்துவிட்டாள். தப்பாகக் குதித்தவர்களைத் தடுக்க ஒரு கயிற்றைத் தண்ணீரில் போடுவார்கள். அது விழுவதற்குள் இவள் அதைத் தாண்டிவிட்டாள். மறுமுனையைத் தொட்டு இரண்டு கையையும் உயர்த்தித் திரும்பினால், மற்ற ஏழு பேரும் அந்தக் கரையிலேயே நின்று வாயில் கைவைத்துச் சிரிக்கிறார்கள். போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அன்றைய நீச்சல்தான் அவளுடைய வாழ்நாள் வேகம் என்று அப்பா இன்றைக்கும் சாதிக்கிறார். அளந்தவர்தான் யாருமில்லை.

முப்பத்தோராவது வயதில் ஒரு பதினேழு வயதுப் பெண் அவளை வென்றாள். வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. சுவரைப் பிடித்தபடி இவள் சற்று நேரம் மிதந்தாள். அப்போது, ஜெயித்த பெண் களைத்துப்போய்க் கரையேற முடியாமல் தவிப்பதைப் பார்த்தாள். கீழிருந்து இரண்டு கையாலும் அவளைத் தாங்கி மேலே தள்ளிவிட்டாள். அந்தப் பெண் விசும்பிக்கொண்டே நன்றி சொன்னதைக் கேட்டதும் இவளுக்கு ஏனோ தலைகால் புரியாத சந்தோஷம் வந்தது.

திரும்பும் பேருந்தில் அப்பா அவள் கையை இழுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் நகம் வளர்த்திருந்தா ஜெயிச்சிருப்பே."

அவள் சிரித்த சிரிப்பில் ஓட்டுநரே திரும்பிப் பார்த்தார்.

"போதும்ப்பா. இதோட நிறுத்திக்கிறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அப்பா யோசித்தார். "அப்போ உன்னைக் கூட்டிட்டுப் போக நான் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டாம்?"

"வேண்டாம்."

மறுநாள் இருவரும் ஒன்பது மணி வரை தூங்கினார்கள்.