ஸ்டெல்லாவின் சின்ன லென்ஸ்

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்குச் சில நிமிடங்கள் இருந்தன. மேடைக்குக் கீழே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். தோள்பையில் போன் அதிர்ந்தது. ஸ்டெல்லாவின் தம்பி அருள்.

“அக்கா, ஸ்டெல்லாக்கா போயிடுச்சுக்கா.”

நான் பதில் சொல்வதற்குள் கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. தாலி கட்டும் நேரத்தில் கல்யாணப் புகைப்படக்காரி எழுந்து போக முடியாது. மூன்று படங்கள் எடுத்தேன். மூன்றுமே கூர்மையாக வந்திருந்தன. கை நடுங்கவில்லை என்பதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. மிச்சத்தை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு மரக்காணம் பஸ் ஏறினேன். பெருமுக்கல் மலை ஜன்னலில் வந்தபோதுதான் அழ ஆரம்பித்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். புதுச்சேரியில் நாங்கள் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள், கூனிமேட்டிலும் மரக்காணத்திலும் அவள் எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருப்பவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லாவும் நானும் அந்த ஸ்டுடியோவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஆல்பம் வடிவமைத்தவர்கள். அவள் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். உப்பளப் பெண்களைப் படமெடுத்து ஒரு நூலாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவள் ஆசை. அது எனக்கும் தொற்றிக்கொண்டது. அதற்காக இருவரும் சேர்ந்து பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கினோம். அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. கண் வைக்கும் ஜன்னல் தனியாக மூலையில் இருக்கும்.

கேமரா ஒன்றுதான், லென்ஸ் இரண்டு. நான் வாங்கியது பெரியது, கனமானது. வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். விடியாத நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில்கூடப் படமெடுக்கலாம். ஃபாஸ்ட் லென்ஸ் என்போம். அவள் வாங்கியது உள்ளங்கைக்குள் மறையும் அளவு சின்னது. ஸ்லோ லென்ஸ். நல்ல வெயில் இருந்தால்தான் அதற்கு வேலை. ஞாயிறுதோறும் பஸ்ஸில் போகும்போதே சண்டை தொடங்கிவிடும், இன்றைக்கு எதை மாட்டுவது என்று.

முதல் நாள் என் பெரிய லென்ஸைப் பார்த்து நீளக் கைப்பிடிப் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை, “இன்னாம்மா இது, சொம்பு மாதிரி இருக்குது?” என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரைச் சிரிக்க வைத்து ஒருவழியாக எடுத்தேன். திங்கட்கிழமை ஸ்டுடியோவில் கணினித் திரையில் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அஞ்சலையின் இமை மயிரில் ஒட்டியிருந்த உப்புத்தூள்கூடத் தெரிந்தது. பின்னால் எல்லாம் மெத்தென்று கரைந்திருந்தது. ஸ்டெல்லா படத்தின் வலது கீழ்மூலையில் விரலை வைத்தாள். அங்கே குனிந்தபடி ஒரு உருவம்.

“இது யாருன்னு தெரியுதா?”

“எடுக்கறப்போ அங்க யாரும் இல்லியே.”

“இருந்தாங்க. உன் லென்ஸ் பெருசு. ஜன்னல்ல அந்த மூலைய மறைச்சிடும். அது எங்கம்மா. அன்னிக்கு அந்தப் பாத்தியிலதான் வேலை. உன் படத்துல புகையாட்டம் இருக்குது.”

லென்ஸின் வாயைச் சுருக்கினால் பின்னால் இருப்பவர்களும் தெளிவாக வருவார்களே என்று வாதாடினேன்.

“சுருக்கலாம். ஆனா நீ சுருக்க மாட்டே. அவ்ளோ பெருசா வாங்கிட்டு யாருக்கு மனசு வரும்?” என்றாள். அந்த உருவத்தை மறுபடி தொட்டு, “பின்னாடி நிக்கிறவங்களும் ஆளுதான் வசந்தி” என்றாள்.

அவள் படங்களில் பாத்தியின் இந்த வரப்பில் நிற்பவரும் அந்தக் கோடியில் நிற்பவரும் ஒரே தெளிவில் இருப்பார்கள். சின்ன லென்ஸோடு அவள் நடுவில் நின்றால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அது அழகுதான் என்று நான் ஒருநாளும் அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை.

கேமரா வாங்கிய மூன்றாவது வருடம் அவள் பிடிவாதம் கூடியது. என் லென்ஸைத் தொடவே மறுத்தாள். சின்ன லென்ஸின் அடியில் ஒரு குமிழ் இருக்கும். அதை ஒற்றை விரலால் தள்ளி ஃபோகஸ் செய்துவிடலாம். “பாரு, ஒரு விரல் போதும். இதுக்கு மேல இன்னா வேணும்?” என்று சிரிப்பாள். உச்சி வெயிலில்தான் எடுப்பேன் என்றாள். உப்பளத்தில் பாதி வேலை விடிவதற்குள் முடிந்துவிடும், அதை எடுக்காமல் என்ன நூல் என்று எனக்கு எரிச்சல்.

ஒருநாள் கட்டாயப்படுத்தி விடியுமுன் கூட்டிப் போனேன். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. பெண்கள் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வாரிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் எடுத்தேன். பிறகு பெரிய லென்ஸோடு கேமராவை அவளிடம் நீட்டினேன்.

“வேணாம், நீயே எடு.”

“ஒரே ஒரு படம் எடுத்துட்டு அப்புறம் பேசு.”

அவள் கையில் திணித்தேன். ஒரு நொடி பிடித்திருந்தாள். பிறகு அது நழுவி உப்புநீர் வாய்க்காலில் விழுந்தது. நான் குதித்து எடுத்தேன். கேமரா, லென்ஸ் இரண்டும் போயின.

“கை வழுக்கிடுச்சு” என்றாள்.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். “உங்கம்மா மாதிரி நீயும் பலகையே புடிச்சிருக்கலாம்” என்றேன். வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஸ்டெல்லா வரப்பில் நடந்து போய்விட்டாள். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டாள். கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம்தான். நான்கு மாதம் நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை.

நான்காவது மாதம் அவள் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அதுக்குக் கையே தூக்க மாட்டேங்குதும்மா. போன வருஷமே ஆரம்பிச்சிடுச்சு. இப்ப காலும் போவுது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு. நான்தான் மனசு கேக்காம வந்துட்டேன்.”

தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நரம்பு நோய். முதலில் கட்டை விரல். அந்தக் கனத்தைத் தூக்க அவளால் முடியாமல் போயிருந்தது. பெரிய லென்ஸின் வளையத்தை இரண்டு விரலால் இறுக்கித் திருப்ப வேண்டும், அதுவும் முடியாது. குமிழைத் தள்ள ஒரு விரல்தான் மிச்சம் இருந்தது. ஒரு வருடம் அந்த ஒற்றை விரலை வைத்துக்கொண்டு என்னோடு லென்ஸைப் பற்றி வாதாடியிருக்கிறாள்.

போய்ப் பார்த்தேன். கட்டிலில் இரண்டு கைகளும் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தன. அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

“ஏண்டி சொல்லல?”

பேச்சு ஏற்கெனவே குழற ஆரம்பித்திருந்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “சொன்னா நீ பாவப்பட்டு, தெனம் சின்ன லென்ஸே எடுத்துட்டு வருவே. விட்டுக் குடுக்கறவகூட இன்னா சண்டை போடறது? எனக்கு அந்தச் சண்டை வேணும்டி.”

அன்று வரப்பில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “எங்கம்மா பலகை புடிக்கறத நீ ஒழுங்காப் படம் எடுத்திருக்கியா? அதச் சொல்லு மொதல்ல” என்றாள். மன்னித்தாளா, தெரியவில்லை. அவள் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அந்த டீயைக் குடித்தது என் வாழ்க்கையிலேயே கடினமான வேலை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனேன். பேச்சு முழுதாக நின்ற பிறகு கண்கள் மட்டும் மிஞ்சின. நூலுக்கான படங்களை அவற்றால்தான் தேர்ந்தெடுத்தோம். மடிக்கணினியை அவள் முகத்துக்கு நேரே பிடிப்பேன். இரண்டு முறை சிமிட்டினால் நூலில் வைக்கலாம். கண்ணை நீளமாக மூடினால் வேண்டாம். என் படங்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் தள்ளினாள். தன்னுடையதையும் தள்ளினாள். யார் எடுத்தது, எந்த லென்ஸ் என்ற கணக்கே அவளிடம் இல்லை. ஒருமுறை நான், “ஏய், இது நல்லாத்தாண்டி இருக்குது!” என்று சத்தம் போட்டேன். அவள் இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அருள் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கண்ணோரமும் சுருங்கியது.

கடைசி ஞாயிறு ஒரு படம் காட்டினேன். அவள் எடுத்தது. சீமைக்கருவேல நிழலில் பன்னிரண்டு பெண்கள் சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருத்தி பக்கத்து டிபன் பாக்ஸிலிருந்து கருவாட்டுத் துண்டைத் திருடுகிறாள். பன்னிரண்டு முகமும் தெளிவாக இருக்கின்றன. ஸ்டெல்லா வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். வேண்டாம் என்கிறாளா? காத்திருந்தேன். கண் திறக்கவில்லை.

“தூங்குதுக்கா” என்றான் அருள்.

அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று மடிக்கணினியை மூடினேன். வியாழக்கிழமை அந்த போன் வந்தது.

அடக்கத்துக்கு உப்பளத்துப் பெண்கள் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள், காலில் காய்ந்த உப்போடு. அன்று என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தார்கள்.

அவள் முடிவு சொல்லாமல் மிஞ்சியிருப்பது அந்த ஒரு படம்தான். அதைத் தேர்ந்தவற்றிலும் சேர்க்கவில்லை, தள்ளியவற்றிலும் சேர்க்கவில்லை. தனியாக வைத்திருக்கிறேன். நூலில் அது வருமா என்று அருள் கேட்கிறான், அஞ்சலை கேட்கிறார்.

தெரியவில்லை. அவளைத்தான் கேட்க வேண்டும்.