மூக்குக் குழாயும் முந்நூறு பயணிகளும்

என் கணவருக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அவர் விமானத்தில் ஏறியதே கிடையாது. சொந்தக்காரர் ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்ப மதுரை விமான நிலையத்தின் வாசல் வரை போயிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் செல்போனில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அதை டிவியில் இணைத்து, சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தபடி, முந்நூறு பயணிகளைச் சென்னையில் இறக்குவார். சிநேகிதர்கள் இரண்டு பேர் முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள். காப்பி போட்டுக் கொடுக்க வேண்டியது நான்.

ஒரு நாள் பேச்சு, நடுவானில் பைலட் இரண்டு பேரும் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதில் வந்து நின்றது.

"என்ன ஆகும்? நான் போய் உக்காந்திருவேன்" என்றார் என் கணவர். "கீழ இருந்து ரேடியோல சொல்லுவான். அவன் சொல்லச் சொல்ல நான் செய்யப் போறேன். இப்பல்லாம் எல்லாம் ஆட்டோமேட்டிக் வே. பட்டன அமுக்குனா அதுவா எறங்கும்."

"அந்த ரேடியோல பேசுததுக்கு எந்தப் பட்டன அமுக்கணும்?" என்று டம்ளர்களை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அங்கன போனா தெரியும்லா. நீ உள்ள போ."

உள்ளே போனேன். ஆனால் விடவில்லை. ஓய்வுபெற்ற விமானி ஒருவர் இதைப் பற்றியே பேசிய வீடியோவைத் தேடிப் பிடித்தேன். சின்ன விமானம் என்றால் கீழிருந்து சொல்லச் சொல்லக் கேட்டு இறக்கியவர்கள் உண்டாம். பெரிய பயணிகள் விமானம் வேறு சங்கதி. அது தானாக இறங்க வேண்டுமானால்கூட வரிசையாகப் பல காரியங்களைச் சரியாகச் செய்தாக வேண்டும். ஆள் உட்காரும்போது விமானம் தானாகப் பறந்துகொண்டுதான் இருக்கும்; உட்கார்ந்தவர் முதலில் செய்ய வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு சொல்வதைக் கேட்பது. அப்படிக் கேட்டால் ஏதோ கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது என்றார் அந்த விமானி. என் கணவரிடம் காட்டினேன். வாய்ப்பு இருக்கிறது என்ற இடம் வந்ததும் வீடியோவை நிறுத்திவிட்டார்.

"பாத்தியாட்டி, முடியும்னு அவனே சொல்லுதான்."

எனக்கு எரிச்சல் வந்தது விமானத்தால் அல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுத்தவர் பேச்சை இந்த மனிதர் முழுதாகக் கேட்டதில்லை. ராயகிரியில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், சொல்பவர் முதல் திருப்பத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே வண்டியை எடுத்துவிடுவார். பிறகு ஊரைச் சுற்றி வந்து அதே ஆளிடம் நிற்போம். அப்போதும், "அவன் சரியா சொல்லல" என்பார். இவரைத்தான் முந்நூறு பேர் நம்பி உட்கார வேண்டுமாம்.

முந்நூறு பேர் இல்லை, என் அப்பா ஒருவர் மாட்டிக்கொண்டார்.

அப்பா பக்கவாதம் வந்து எங்கள் வீட்டில் படுத்திருந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை, விழுங்கவும் முடியாது. மூக்கு வழியாக வயிறு வரை ஒரு மெல்லிய குழாய் போட்டிருந்தார்கள். அதில்தான் கஞ்சி, அதில்தான் தண்ணீர், மாத்திரையும் அதில்தான். எப்படி ஊற்றுவது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். தலைமாட்டை உயர்த்த வேண்டும். வடிகட்டியதை மட்டும் ஊற்றி, அது தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அழுத்தித் தள்ளவே கூடாது. கறாரான பெண்; அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லித் தன் நம்பரையும் கொடுத்திருந்தாள். எனக்குப் பிழையில்லாமல் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாள். என் கணவரும் அங்கேதான் இருந்தார், ஜன்னலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டு.

நான் குருவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒரு நாள் வரவில்லை. எனக்குப் பரீட்சை டியூட்டி, லீவு கேட்க முடியாது. என் கணவருக்கு அன்றைக்கு லீவு. கஞ்சியை வடிகட்டி வைத்துவிட்டு, இதைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது, சந்தேகம் வந்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன்.

"முந்நூறு பேர எறக்குதவன் ஒரு ஆளுக்குக் கஞ்சி ஊத்த மாட்டேனா? நீ போ."

கஞ்சியை ஒழுங்காகத்தான் ஊற்றியிருக்கிறார். அதோடு நிற்க அவரால் முடியவில்லை. எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் கோவில் புற்றுமண்ணைக் கொஞ்சம் நெற்றியில் பூசுவோம், கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். குழாய் போட்ட பிறகு அப்பாவுக்கு நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன். சாமிக்கு அது புரியும். இவருக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புற்றுமண் உள்ளே போகவே இல்லையே என்று கரைத்துக் குழாயில் விட்டிருக்கிறார். மண் படிந்து குழாய் அடைத்துக்கொண்டது. சிரிஞ்சை வைத்து அழுத்தியிருக்கிறார். அப்பா இரும ஆரம்பித்ததும்தான் நர்ஸுக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, அழுத்தாதீங்க. டியூப்ப மூடுங்க. தாத்தாவ நிமித்தி உக்கார வச்சுப் பிடிச்சுக்கோங்க. வேற எதையும் தொடாதீங்க, நான் வாரேன்."

"நீ இரும்மா. மொதல்ல நான் சொல்லுதத கேளு" என்றாராம் இவர். குழாய் எப்படி வேலை செய்கிறது என்று நர்ஸுக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். பிறகு குழாயை உருவி எடுத்து, கழுவி, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதே குழாயைத் திரும்ப மூக்கில் செலுத்தத் தொடங்கினார்.

நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அண்ணாச்சி போன எடுக்க மாட்டேங்காங்க. நான் வண்டிய எடுத்துட்டேன். நீங்க ஒடனே வாங்க."

ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் பஸ்ஸில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே அவரை வாய்விட்டுத் திட்டினேன், டீச்சர் வாயில் வரக்கூடாத வார்த்தைகளில். அப்பா போய்விட்டால் இந்த ஆளோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க மாட்டேன் என்று நினைத்தேன். அதை இன்று எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

நர்ஸ் உள்ளே போனபோது அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. குழாய் பாதி உள்ளே, பாதி இவர் கையில். வீடியோ தலையணை மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, குழாயை வெளியே எடுத்து, அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். குழாய் மூச்சுக்குழல் பக்கம் போயிருந்தது. வாந்தி வந்து நுரையீரலிலும் இறங்கிவிட்டது. பிழைப்பாரா என்று டாக்டர் உறுதி சொல்லவே பல நாள் ஆனது. பிழைத்தார். பாதி ஆளாகத்தான் வீட்டுக்கு வந்தார், புதிதாக ஒரு குழாயோடு.

அப்பா வீடு திரும்பியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்கள் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அப்பாவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நர்ஸ் போன்ல சொல்லச் சொல்ல நான்தான் சமாளிச்சேன். அவ வாரது வரைக்கும் உசுரப் பிடிச்சு வச்சது யாரு? பிளேன் எறக்குததும் இப்படித்தான் வே. பதறக் கூடாது."

"அவ சொன்னதுல ஒண்ணக்கூட நீங்க கேக்கல" என்றேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன்.

"அப்பா சீக்குல கெடக்கவும் இவளுக்கு என்ன பேசுதோம்னே தெரியல" என்று அவர்களிடம் சிரித்தார். பிறகு எழுந்து போய், "மாமா, நல்லாருக்கீங்களா?" என்று தலையணையைச் சரிசெய்யக் குனிந்தார்.

அப்பாவின் இடது கை மெதுவாக மேலே வந்தது. நெஞ்சைத் தாண்டி, வாயைத் தாண்டி வந்து, மூக்கையும் குழாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டது. என் கணவர் நாற்காலிக்குத் திரும்பும் வரை அந்தக் கை இறங்கவில்லை.

சிநேகிதர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"மாமாக்கு மூக்கு அரிக்கு போல" என்றார் அவர்.