ஒரே தள்ளு

அலுவலகத்தில் அவருக்குக் காந்தம் என்று பட்டப்பெயர். எனக்கு அக்கா புருஷன். படம் வரையும் மென்பொருள் செய்கிற கம்பெனி எங்களுடையது. கோடு இழுக்கும்போது அதன் முனை பக்கத்துப் புள்ளியில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமே, ஸ்நாப், அதுதான் அவர் பொறுப்பு. முன்பெல்லாம் அதற்கு ஒன்பது டிக் பெட்டிகள். எதை அழுத்தினால் எது ஒட்டும் என்று செய்தவனுக்கே வெளிச்சம். காந்தம் அத்தனையையும் தூக்கிக் கடாசிவிட்டு ஒரே ஒரு ஸ்லைடர் வைத்தார். வலப்பக்கம் தள்ளினால் பிடி இறுகும், இடப்பக்கம் தள்ளினால் விட்டுவிடும். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அக்கா ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், எங்கள் மென்பொருளை வைத்துத்தான், அட்டையை எங்கே வெட்டுவது என்று காட்டும் வெட்டுக்கோடு வரைகிறவள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வலது கை நடுங்கும். ஸ்நாப் இறுகப் பிடித்துக்கொள்வதால் கோடு நேராக விழுந்துவிடும். தொழிற்சாலையில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று காந்தத்திடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"இவ்வளவு பிடி யாருக்கு வேணும்? கொறச்சிடுங்க" என்றார் எங்கள் மேனேஜர். காந்தத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் அக்காவை உட்கார வைத்து, அவள் பாதி வரைந்து வைத்திருந்த பெட்டிப் படத்தின் மேலேயே திரையைப் பதிவு செய்தார். முதலில் ஸ்நாப் இல்லாமல். அது அவருக்குப் போதவில்லை.

"இன்னொரு தடவ போடு. கை இன்னும் கொஞ்சம் ஆடணும்."

மறுபடியும் வரைந்தாள். கோடு புழுவாக நெளிந்தது. பிறகு ஸ்நாப்போடு வரையச் சொன்னார், நேராக வந்தது. மீட்டிங்கில் அதைப் போட்டதும் எல்லாருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புது வெர்ஷனைத் திறந்ததும் இதுதான் ஓடவேண்டும் என்றார்.

"வேற படம் வச்சு எடுத்துடலாமே" என்றேன்.

"இதுலதான் நடுக்கம் நல்லா விழுந்திருக்கு" என்றார் காந்தம்.

புது வெர்ஷன் அக்காவின் தொழிற்சாலைக்கும் போனது. காலையில் எல்லாத் திரைகளிலும் அதே வீடியோ. அக்கா வரைந்துகொண்டிருந்த அவர்களுடைய பெட்டி, அதன் மேல் நெளிகிற கோடு. சூப்பர்வைசர் அக்காவின் மேஜைக்கு வந்தார். ஒரு வெற்றுப் பக்கம் திறந்தார், ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளினார்.

"ஒரு கோடு போடும்மா" என்றார்.

பழைய ஒன்பது பெட்டிகளாக இருந்திருந்தால் அந்த ஆளுக்கு ஸ்நாப்பை அணைக்கவே தெரிந்திருக்காது. அக்கா கோடு போட்டாள். சுற்றி நின்று பார்த்தார்கள். மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலம் நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் காந்தத்திடம் சொன்னாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். காந்தம் கடைசிவரை கேட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று நானும் மடையன் மாதிரி காத்திருந்தேன்.

"அந்த ஸ்லைடர்... சூப்பர்வைசர் தேடினாரா, பார்த்ததுமே தெரிஞ்சுதா?"

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தேடவே இல்லங்க" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது.